மாதிரி ரயில் நிலையத்தைப் படம் எடுப்பதும் பகிர்வதும்

(நவராத்திரி மாலை ஒன்றில் நம் சமுதாயக் கூடத்தில், சி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று திரையில் காட்டிய படங்கள் இல்லாமலும் புரியும்படி சில வரிகளை அவரே சேர்த்துக் கொடுத்திருக்கிறார். – செய்திமடல் குழு)



"இருபது நிமிஷம் பேசுங்க சார், அதுக்கு மேல போனா சுண்டல் ஆறிப்போகும்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். சுண்டலோடு போட்டி போடும் தைரியம் எனக்கு இல்லை. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

கீழே வரவேற்பறையில் வைத்திருக்கும் கொலுவில், படிகளுக்கு முன்னால் ஒரு ரயில் நிலையம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "தாத்தா, ரயில் ஓடுமா?" ஓடாது. தள்ளினால் நகரும். எஞ்சின் அட்டையில் செய்தது. இரண்டு பெட்டிகளும் அட்டைதான். கூரைக்கு மட்டும் பழைய பால் பவுடர் டப்பாவின் தகரம்.

கொலுவில் பார்க் வைக்கிறது நம் வீடுகளில் புதிய விஷயம் இல்லை. கேழ்வரகும் கடுகும் முளைக்கவைத்துப் புல்தரை, கண்ணாடித் துண்டில் குளம், காகிதத்தைக் கசக்கி மலை, அதைச் சுற்றி ஒரு சாவி ரயில். இதையே வெளிநாடுகளில் ஆண்டு முழுக்கச் செய்கிறார்கள். நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி குடும்பத்தார் 1998-இல் தொடங்கிய சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கில் பிறந்தது அது. ஒரு ஊரையே மேசைமேல் வைத்து, விளக்கேற்றி, ரயில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

நான் இன்றைக்குப் பேச வந்தது ரயிலைச் செய்வது பற்றி அல்ல. செய்ததைப் படம் எடுப்பது பற்றி. எடுத்த படத்தை அடுத்தவருக்கு அனுப்புவது பற்றி. இரண்டாவதில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதையும் சொல்லப் போகிறேன்.

எதற்குப் படம்?

விஜயதசமி அன்று ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைப்போம். மறுநாள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். மண் பொம்மை அடுத்த வருஷமும் வரும். பார்க் வராது. முளைத்த கேழ்வரகு வாடிவிடும். மலை குப்பைக்குப் போகும். அதுவும் நம் மாதிரி இரண்டு படுக்கையறை வீட்டில், நாலடிக்கு இரண்டடிப் பலகையை வருஷம் முழுக்க எங்கே வைப்பது? என் வீட்டம்மா முதல் வருஷமே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கட்டிலுக்கு அடியில இடம் இருக்கு, அதுக்கு மேல ஒரு அங்குலம் கிடையாது." ஆக, செய்தது போய்விடும். படம்தான் மிஞ்சும்.

இதற்கு உலகறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மான்டெரே ஊரில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழிலால் புகைப்படக்காரர். தன் வீட்டின் அடித்தளத்தில் மலையும் பாலமும் ஊருமாக ஒரு மாதிரி ரயில் பாதையைப் பல ஆண்டுகள் கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயரே விளையாட்டு. சேர்த்துச் சொன்னால், 'ரத்தக் களரி, தோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள்போல ஒலிக்கும். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து, அந்த உலகத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஆனால் இன்றைக்கும் மாதிரி ரயில் செய்கிறவர்கள் அதன் பாலங்களையும் பள்ளத்தாக்குகளையும் பற்றிப் பேசுகிறார்கள். காரணம், அவர் எடுத்து வைத்த படங்கள்.

நான் செய்த ஸ்டேஷன்

அளவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் படத்தைப் பற்றிப் பேச முடியும். மாதிரி ரயிலில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது எச்.ஓ. என்ற அளவு. அசலில் 87-இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் இதில் 19 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நுனி உயரம்.

நம் பகுதிக்கு ரயில் வந்தது 1876-இல். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட பாதை கோவில்பட்டி, மணியாச்சி வழியாகப் போனது. அது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் சிலிப்பர் கட்டையின் நீளம் ஆறடி. அதை வகுத்தால் 21 மில்லிமீட்டர். அளவுகோலை வைத்துக்கொண்டு, 21 மில்லிமீட்டருக்கு எதை வெட்டுவது என்று யோசித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். கையில் இருந்த தீக்குச்சியை அளந்தேன். 42. இரண்டாக வெட்டினால் இரண்டு சிலிப்பர் கட்டை! தீப்பெட்டி ஊரில் பிறந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாலடிப் பாதைக்கு நான்கைந்து தீப்பெட்டி போதும். மருந்துத் தலையை முதலிலேயே வெட்டித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். பிள்ளைகளிடம் கொடுப்பது அதன் பிறகுதான்.

நாலடிப் பலகை அசலில் 106 மீட்டர். எந்த ஸ்டேஷனும் அதற்குள் அடங்காது. அதனால் என்னுடையது கோவில்பட்டியும் இல்லை, மணியாச்சியும் இல்லை, தட்டப்பாறையும் இல்லை. மூன்றின் சாயலும் உள்ள, இல்லாத ஒரு ஊர். ஓட்டுக் கூரை, ஒரு வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, கைகாட்டி மரம், வெளியே ஒரு ஒற்றை மாட்டுவண்டி. அந்தப் பக்கம் பனை, வேலிக்காத்தான், வெடித்த கரிசல் காடு. மரங்களுக்குக் காய்ந்த துளசிச் செடியைப் பயன்படுத்தினேன். அதன் கிளைகள் பெரிய மரத்தின் கிளை மாதிரியே பிரியும்.

கரிசலுக்குக் கரிசலையே வைத்தேன். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் எங்கள் பூர்வீகக் காட்டிலிருந்து ஒரு டப்பா மண். சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்ட பெவிகாலோடு குழைத்துப் பூசினேன். முதல் தடவை அரை அங்குலக் கனம். காய்ந்ததும் வெடித்தது பாருங்கள், அந்த வெடிப்புக்குள் மாட்டுவண்டியே விழுந்துவிடும்! வெடிப்பின் அகலம் பூச்சின் கனத்தைப் பொறுத்தது. மறுபடி சுரண்டிவிட்டு, தோசை மாவு மாதிரி மெல்லிசாகத் தடவினேன். நூல் நூலாக வெடித்தது. சித்திரை மாதக் கரிசல் காடு கண்முன்னே வந்துவிட்டது.

படம் எடுக்கும்போது

இதைச் செய்து முடித்து, போனை எடுத்து மேலே இருந்து படம் எடுத்தேன். பார்த்தால் பொம்மை. பேத்தி பார்த்துவிட்டு, "ப்ளேன்ல இருந்து எடுத்தியா தாத்தா?" என்றாள். சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். அதிலிருந்துதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கற்றதை ஐந்து விஷயமாகச் சொல்கிறேன்.

முதலாவது, உயரம். அந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆளின் கண் 18 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. படமும் அங்கிருந்து எடுக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். கேமரா கண் பெரும்பாலும் போனின் மேல் முனையில் இருப்பதால், கவிழ்த்தால் அது தரையை ஒட்டி வந்துவிடும். அவ்வளவுதான், பொம்மை ஸ்டேஷன் ஊராகிவிடும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மினியேச்சர் வண்டர்லேண்ட் என்ற மிகப் பெரிய மாதிரி ரயில் உலகம் இருக்கிறது. 2016-இல் கூகுள் நிறுவனம் சின்னஞ்சிறு வண்டிகளில் கேமராவை ஏற்றி, அதன் தெருக்களுக்குள் ஓட்டிப் படம் எடுத்தது. அவர்கள் செய்ததும் கேமராவை அந்த ஊர்க்காரன் உயரத்துக்கு இறக்கியதுதான்.

இரண்டாவது, தெளிவு. பொருளுக்கு மிக அருகே போனால் ஏதோ ஒரு இடம் மட்டும் தெளிவாக இருக்கும், முன்னும் பின்னும் மங்கிவிடும். இந்த மங்கல்தான் 'இது சின்னப் பொருள்' என்று நம் கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நிஜ நகரத்தை உயரத்திலிருந்து எடுத்து, படத்தின் மேலும் கீழும் மங்கலாக்கிப் பொம்மை ஊர்போலக் காட்டுகிறார்களே, அது இதே சூட்சுமத்தின் மறுபக்கம். ஆகவே போர்ட்ரெய்ட் என்ற வசதியைத் தொடவே தொடாதீர்கள். ஒரு முழம் தள்ளி வைத்து எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். ஜான் ஆலன் ஊசித்துளை போன்ற சிறு துவாரத்தை லென்சில் வைத்து எடுத்தார். கண்ணாடி போடாதவர்கள் பஸ் போர்டு படிக்கக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறோமே, அதே கணக்கு. துவாரம் சிறுத்தால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும், அதனால் அதிக நேரம் அசையாமல் எடுக்க வேண்டும். நம் போனில் துவாரத்தை மாற்ற முடியாது. அதற்குப் பதில், போனை அசைக்காமல் வைத்து, அருகில் ஒரு படம், நடுவில் ஒரு படம், தூரத்தில் ஒரு படம் என்று தெளிவை மாற்றி மாற்றி எடுத்தால், மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் செயலிகள் இருக்கின்றன. போன் ஆடாமல் இருக்க, ஒரு சின்னத் துணிப்பையில் அரை கிலோ அரிசி போட்டு அதன்மேல் சாய்த்து வையுங்கள். இரண்டு வினாடி டைமர் வையுங்கள். நம் விரல் பட்டாலே படம் ஆடும்.

மூன்றாவது, வெளிச்சம். உலகத்துக்கு ஒரே சூரியன்தான். நம் ஹாலில் மூன்று விளக்கு. மூன்றும் எரிந்தால் கைகாட்டி மரத்துக்கு மூன்று நிழல் விழும், குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கைப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள் பல்பையும் வெள்ளைப் பல்பையும் கலக்க வேண்டாம். ஒரு பக்கம் சாயங்காலம், மறுபக்கம் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றிலும் நல்லது மொட்டைமாடி, காலை ஏழு மணி. சாய்ந்த வெயிலில் கரிசல் வெடிப்பு ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். பின்னால் நிஜ வானமே கிடைத்துவிடும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் பின்னணியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீராவி எஞ்சினுக்குப் பின்னால் காற்றாலை சுற்றினால் காலம் இடிக்கும். இன்னொன்று, காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். என் அட்டை ஸ்டேஷன் எம்மாத்திரம்? அதன் கூரையை பி பிளாக் துணிக்கொடியிலிருந்து மீட்டேன். எடுத்துக் கொடுத்த தங்கச்சிக்கு இந்த மேடையில் நன்றி.

நான்காவது, நம் ஊருக்கே உரிய சிக்கல். படத்தில் பாதி கரிசலாக இருந்தால், 'ரொம்ப இருட்டாக இருக்கிறதே' என்று நினைத்துக்கொண்டு போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கரிசல் சாம்பலாகிவிடும், வானம் வெளுத்துப்போகும். திரையில் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் அடையாளம் வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். மண் தன் நிறத்துக்குத் திரும்பும்.

ஐந்தாவது, தூசி. நம் கண் மன்னிப்பதைக் கேமரா மன்னிக்காது. ஒரு தலைமுடி விழுந்திருந்தால் அது தண்டவாளத்தின் குறுக்கே விழுந்த கேபிள் மாதிரி தெரியும். ஓவியத் தூரிகையால் மெல்லத் தட்டிவிட்டு, ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, மறுபடி தட்டிவிட்டு, அப்புறம் எடுங்கள்.

நான் செய்த தப்பு

இந்த ஐந்தையும் கற்றுக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொட்டைமாடியில் ஒரு படம் எடுத்தேன். பிளாட்பாரத்தின் ஓரத்தில் ஒரு ஆள், கையில் டோக்கன் வளையத்தோடு வண்டிக்குக் காத்து நிற்கிறான். பின்னால் கைகாட்டி, அதற்கும் பின்னால் பனைகள். கருப்பு வெள்ளையாக மாற்றினேன். எனக்கே சிலிர்த்துவிட்டது. 'எப்படி இருக்கு?' என்று ஒரே ஒரு வரி போட்டு, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு அனுப்பினேன். மாதிரி என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்தானே என்ற நினைப்பு.

நான்காம் நாள் அந்தப் படம் நம் குடியிருப்புக் குழுவிலேயே எனக்குத் திரும்பி வந்தது. மேலே ஒரு வரி சேர்ந்திருந்தது: 'கோவில்பட்டி ரயில் நிலையம், 1940-களில். அரிய புகைப்படம். பகிருங்கள்.' கீழே கும்பிடும் கைகள், இதயங்கள், "அந்தக் காலம் போல வருமா" என்ற ஏக்கங்கள். உள்ளபடி சொல்கிறேன், எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. 'ஊரையே ஏமாற்றிவிட்டோமே' என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அதுல எழுதியிருக்கிறது பொய்யில்ல? நீங்க ஒரு வரி எழுதிருங்க" என்றார். நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாளைக்குள் இன்னொன்று நடந்துவிட்டது. நம் குடியிருப்பில் எண்பது தாண்டிய அண்ணாச்சி ஒருவர், அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, பிரேம் போட்டு, பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அவருடைய அப்பா அந்த நாளில் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அப்பாவுக்கு ஒரு புகைப்படம்கூட வீட்டில் இல்லை. வளையத்தோடு நிற்கிறது அப்பாதான் என்று அவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். நிற்கிற நிலை, முண்டாசு, ஒல்லி உடம்பு, எல்லாம் அப்படியே அப்பா என்று.

இதைக் கேட்டபிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா? அவர் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்? ஆனால் அவர் தினமும் காலையில் விளக்கேற்றி எதைக் கும்பிடுகிறார்? என் எம்.சீலும் தீக்குச்சியும் சேர்ந்த 19 மில்லிமீட்டர் பொம்மையை. ஒருநாள் பேரனோ யாரோ கீழே கொலுவில் அதே பொம்மையைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அப்போது அவர் மனசு என்ன ஆகும்?

மூன்றாம் நாள் அந்தப் பொம்மையை ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தீப்பெட்டியைத் திறந்து கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த ஐந்து நிமிஷம் எனக்கு ஐந்து வருஷம்.

பிறகு சொன்னார்: "வளையத்தை இப்படிப் பிடிக்க மாட்டாங்க தம்பி. உடம்பை ஒதுக்கி, கையை நல்லா நீட்டி, வண்டிக்காரன் கை உள்ள நுழையுற மாதிரி தூக்கிக் காட்டணும். ஓடுற வண்டியில இருந்து எடுக்கணுமில்ல? எங்க அப்பாவுக்கு முழங்கையில ஒரு தழும்பே உண்டு." எழுந்து நின்று செய்து காட்டினார். அந்த வயதில், அந்த ஹாலில், வராத ஒரு வண்டிக்குக் கையை நீட்டிக்கொண்டு.

படத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும். பின்னாடி எழுதிக் கொடு" என்றார். பிரேமைத் திருப்பி, பேனாவால் எழுதினேன்: 'இது மாதிரி. அளவு 87-இல் ஒன்று. கற்பனை ஸ்டேஷன். செய்தது நான்.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவர் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பொம்மையின் கையை மாற்றிவிட்டேன். கீழே போனால் பாருங்கள், இப்போது சரியாக நீட்டியிருக்கிறது.

பகிரும்போது

அதற்குப் பிறகு நான் சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். உங்களுக்கும் உதவும்.

'மாதிரி' என்ற சொல்லைப் படத்துக்குக் கீழே தனிச் செய்தியாக எழுதாதீர்கள். படத்தின் மேலேயே, ஒரு மூலையில் எழுதுங்கள். தனிச் செய்தி முதல் பகிர்விலேயே கழன்றுவிடும். படத்தோடு ஒட்டியது கூடவே போகும். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்கள்.

ஒரே படத்தை அனுப்பாமல் இரண்டாக அனுப்புங்கள். ஒன்று, நிஜம்போலத் தெரிவது. இன்னொன்று, அதே காட்சிக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ உங்கள் கையோ இருப்பது. இரண்டாவதைப் பார்த்தால் முதலாவது இன்னும் ரசிக்கும். ஏமாந்தவனைவிட, தெரிந்து வியக்கிறவன்தான் நல்ல ரசிகன்.

கருப்பு வெள்ளையாகவும் பழுப்பாகவும் மாற்றினால் இரட்டைக் கவனம் வேண்டும். மணியாச்சி சந்திப்பில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அந்தக் காட்சியை ஒரு பள்ளி மாணவன் அழகாக மாதிரி செய்து, பழுப்பு நிறத்தில் படமெடுத்து, பெயர் போடாமல் அனுப்பினால் என்ன ஆகும்? பத்தாவது கைக்குப் போவதற்குள் 'அரிய புகைப்படம்' ஆகிவிடும். அப்புறம் யார் மறுத்தாலும் எடுபடாது.

எதைக் கற்பனை செய்தோம், எதை அளந்து செய்தோம் என்று மூன்று வரி எழுதுங்கள். அப்போதுதான் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். நான் அப்படி எழுதி அனுப்பிய அடுத்த படத்துக்கு, ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஏ பிளாக் நண்பர் ஒருவர், "கைகாட்டி, டிரைவர் பார்வைக்கு மரத்தின் இடது பக்கமா நீட்டணும் சார், நீங்க வலது பக்கம் வச்சிருக்கீங்க" என்று எழுதினார். அரிய புகைப்படம் என்று வந்தபோது நூறு பேர் கும்பிட்டார்கள், ஒருவரும் திருத்தவில்லை. மாதிரி என்று எழுதியபிறகுதான் எனக்குப் பாடம் கிடைத்தது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், தீக்குச்சியின் நார் எல்லாம் போய்விடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். அப்புறம், படத்தின் பின்னணியில் வீட்டுக் குழந்தைகள், கதவு எண், மருந்துச் சீட்டு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ரயிலைத்தான் பார்ப்பார்கள் என்று நாம் நினைப்போம். பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

கடைசியாக

எங்கள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் மதில் முன்னால் நின்று செல்பி எடுப்பார்கள். அந்தக் கட்டடம் 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-இல். ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டையை 1801-இல் ஆங்கிலேயர் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். அப்போது கேமரா கிடையாது. பழைய கோட்டையின் அடித்தளம் மட்டும் பக்கத்திலேயே கரிசலுக்குள் கிடக்கிறது.

நினைவுக் கோட்டையை யாரும் பொய் என்று சொல்வதில்லை. நினைவுக் கோட்டை என்று அதன் பெயரிலேயே சொல்லியிருக்கிறது. சொன்னதால் அதன் மதிப்பு குறையவும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் அசல் கல்லையும் தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு மாதிரிக்கும் அதன் படத்துக்கும் அந்த ஒரு சொல் போதும். நிஜம்போல எடுப்போம். நிஜம் இல்லை என்று எழுதுவோம்.

செயலாளரிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார். இந்த வருஷம் உங்கள் கொலு பார்க்கை, அது ரயிலோ கோயில் தேரோ கிரிக்கெட் மைதானமோ, பிரிப்பதற்கு முன்னால் இரண்டு படம் எடுங்கள். ஒன்று பொம்மையின் கண் உயரத்தில், ஒன்று பக்கத்தில் தீப்பெட்டியோடு. மூன்று வரி எழுதிச் செய்திமடலுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவார்கள். மொட்டைமாடிச் சாவி காவலாளியிடம் இருக்கிறது. காற்று இருந்தால் மட்டும் கூரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுண்டல் வாசம் வந்துவிட்டது.